ஊர் ஊராக அலையும் வேலை: சாப்பாடு, தண்ணீர், உடம்பு – கேள்வி பதில்

வேலைக்காக ஊர் சுற்றுபவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றிய புலம்பலோடுதான் தொடங்குகின்றன. ஹோட்டலை விட, நேரம் தவறிச் சாப்பிடுவதுதான் உடம்பை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

மருந்துக் கம்பெனி ரெப் நான். ஹெட் குவார்ட்டர்ஸ் திருச்சி. புதுக்கோட்டை, காரைக்குடி என்று வாரத்தில் நான்கு நாள் அலைச்சல். மதியச் சாப்பாட்டுக்கு மூன்றரை மணி ஆகிவிடும். இரவில் பரோட்டா. 34 வயதிலேயே தொப்பை, பார்டர்லைன் சர்க்கரை. என்ன செய்வது?

டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. காலை எட்டு மணி இட்லிக்கும் மூன்றரை மணி சாப்பாட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மாற்றலாம். பதினொன்றரை மணிக்கு ஒரு கொய்யாவோ ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். இரண்டுமே பையில் கெடாது. அகோரப் பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தால் யாருக்குமே கட்டுப்பாடு இருக்காது.

அளவில்லாச் சாப்பாட்டில் சாம்பாருக்கு, காரக்குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று நான்கு தடவை சாதம் விழுகிறது. முதலில் போடும் சாதத்தையே நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மறுபடி கேட்பதாக இருந்தால் பொரியலையும் கூட்டையும் கேளுங்கள். கூச்சமே வேண்டாம், நீங்கள் காசு கொடுத்துதான் சாப்பிடுகிறீர்கள்.

அப்புறம் டீ. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் டீயிலேயே சுமார் 40 கிராம் போய்விடும். சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "மாஸ்டர், சர்க்கரை இல்லாம" என்று சொல்லிப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும். பரோட்டாவை வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள். மற்ற இரவுகளில் இரண்டு தோசை, கூடவே ஆம்லெட்டோ அவித்த முட்டையோ போதும். மூன்று மாதம் கழித்து, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்து பாருங்கள்.

தணிக்கைப் பணிக்காகக் கிராமத்து அலுவலகங்களுக்குப் போகிறேன். கழிப்பறை சரியிருக்காது என்பதால் வீடு திரும்பும் வரை தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது.

இதே கேள்வியைப் பல பெண்கள் எழுதுகிறார்கள், படிக்கும்போது கோபம்தான் வருகிறது. தப்பு உங்களுடையது இல்லை. வேலைக்கு அனுப்புகிற அலுவலகம் கழிப்பறைக்கும் பொறுப்பேற்க வேண்டும். போகும் இடங்களில் என்ன வசதி இருக்கிறது என்பதை மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு வழி. எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், கிளம்புவதற்குள் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். பிறகு ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். வழியில் இருக்கும் சுத்தமான பெட்ரோல் பங்க், பெரிய ஹோட்டல், அரசு மருத்துவமனை எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும், அடர் மஞ்சள் என்றால் போதாது. நம் வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகக் கல்லும் வரக்கூடும்.

கடுப்போடு காய்ச்சலோ விலாப்பக்க வலியோ இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

லாட்ஜ் ரூமில் உடற்பயிற்சி செய்ய இடமே இல்லையே?

ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பதினைந்து தடவை, சுவரில் கை ஊன்றித் தண்டால் பதினைந்து தடவை, இதை மூன்று சுற்று செய்யுங்கள். லிஃப்ட் வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிட வேகநடை என்ற கணக்கை, பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்திலேயே பாதி முடித்துவிடலாம்.

இன்சுலின் போடுகிறேன். மாதம் பாதி நாள் பயணம்தான். எப்படிப் பாதுகாப்பது?

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசியை) பெரும்பாலும் நான்கு வாரம் வரை சாதாரண அறைச் சூட்டில் வைக்கலாம், அட்டையில் போட்டிருக்கும் வெப்ப அளவையும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் படும் ஜன்னலோரம், கார் டேஷ்போர்டு, பைக் பெட்டி மூன்றும் ஆகவே ஆகாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே ஈரத்துணி சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்துபோன இன்சுலினை எறிந்துவிட வேண்டியதுதான். விமானத்தில் கைப்பையிலேயே எடுத்துப் போங்கள்.

சாப்பாடு கிடைப்பது உறுதியான பிறகே சாப்பாட்டு நேர ஊசியைப் போடுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்; உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். அந்த நேரத்தில் பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இரவு பஸ்ஸில் போனால் கால் வீங்குகிறது. மோட்டலில் பதினொரு மணிக்குச் சாப்பிடலாமா?

எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், மோட்டலில் இறங்கி நடக்க மட்டும் செய்யுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். ஆபத்து சிறியதுதான், ஆனாலும் பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். இரண்டு காலிலும் லேசான வீக்கம், படுத்து எழுந்ததும் வடிந்துவிட்டது என்றால் சரி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.