ஜன்னலில் மொய்க்கும் மஞ்சள் ஈ எது?

கேள்வி: இலையுதிர் காலம் தொடங்கியதும் மாடி ஜன்னலில் நூற்றுக்கணக்கான குட்டி மஞ்சள் ஈக்கள் மொய்க்கின்றன. பழ ஈக்களா? எப்படி உறுதிசெய்வது?

பழ ஈக்களாக இருக்க வாய்ப்பு குறைவு. அவை குப்பைத் தொட்டியைத் தேடும்; ஜன்னலில் இப்படிக் குவியாது. நீங்கள் சொல்லும் பருவமும் கூட்டமும் குளோரோபிடே என்னும் புல் ஈக் குடும்பத்தை, அதிலும் ‘தௌமட்டோமையா நோட்டாட்டா’ என்ற இனத்தை நினைவூட்டுகின்றன. 1830-இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் மைகன் பெயரிட்ட ஈ இது. ஐரோப்பியக் கட்டடங்களில் குளிர்காலத்தைக் கழிக்கக் கூட்டமாக நுழைவதில் பேர்போனது.

ஆனால் கூட்டத்தை வைத்து மட்டும் பெயர் சூட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று ஈக்களைச் சிறு டப்பாவில் பிடித்து ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு பூதக்கண்ணாடியில், முடிந்தால் நுண்ணோக்கியில், முதலில் தலையைப் பாருங்கள். உச்சியில் மூன்று எளிய கண்களைச் சுற்றிப் பளபளப்பான பெரிய முக்கோணத் தகடு தெரிந்தால் குடும்பம் ஏறக்குறைய உறுதி. சிறகின் முன்விளிம்பு நரம்பில் ஒரே ஓர் இடத்தில் முறிவு இருக்கும். பழ ஈக்கு இரண்டு.

அடுத்து நிறம். உடல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். மஞ்சள் மார்பின் மேல் நீளவாக்கில் மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பயிர்த்தண்டைத் துளைக்கும் ‘குளோராப்ஸ்’ ஈக்களுக்கும் இதே உடுப்புதான்! மார்பின் பின்முனையில் உள்ள சிறு கேடயத் தகட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: மேற்புறம் தட்டையாக இருந்தால் தௌமட்டோமையா, உருண்டு மேடிட்டிருந்தால் குளோராப்ஸ். என் கண்ணுக்கு, பட்டைகளை எண்ணுவதைவிட இந்த ஓர் அடையாளம் நம்பகமானது. அதன்பின் இனத்தை முடிவுசெய்வது நிபுணரின் வேலை. அவருக்கு அனுப்பும் மாதிரியுடன் இடம், தேதி, ஈ இருந்த சூழல் மூன்றையும் எழுதிவையுங்கள். மாதிரி கெடாமலிருக்கச் சாராயத்தில் (ஆல்கஹாலில்) போட்டால் மஞ்சள் மங்கும்; அதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

பூச்சிமருந்து தேவையில்லை. இந்த ஈ கடிக்காது, வீட்டுக்குள் பெருகாது. இதன் புழுக்கள் மண்ணுக்குள் வேர் அசுவினிகளைத் தின்பவை, தோட்டக்காரருக்கு நண்பன். ஜன்னலில் குவிந்தவற்றை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சட்டத்தின் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் இதே ஜன்னலுக்குக் கூட்டம் வரக்கூடும்.