49 வயதில் நாய்க்குட்டி வாங்கியது தவறா? ஒரு நிமிடம்கூட அடங்காமல் ஓடுகிறது, கடிக்கிறது. என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் தன் நிலைமையையும் எழுதியிருக்கிறார். இரண்டரை மாதக் குட்டி, வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கை முழுக்கப் பல் தடம், மூட்டு வலி, குட்டியின் சிறுநீருக்காக ராத்திரி எழுந்திருக்க வேண்டிய கவலை, "இந்த வயசுல இது தேவையா?" என்று வீட்டில் பேச்சு. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற யோசனை.

அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நானும் அந்த இடத்தில் நின்றவள்தான். கொடுத்தவருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, என்னால முடியல" என்று சொல்கிற வரை போயிருக்கிறேன்.

எனக்கு இப்போது 53 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் வேலைக்குப் பெங்களூரு போன வருடம், ஏப்ரல் கடைசியில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சிப்பிப்பாறைப் பெட்டைக் குட்டி ஒன்றை வீட்டுக்காரர் கொண்டுவந்தார். செவலை நிறம். செவ்வந்தி என்று பேர் வைத்தோம். சிப்பிப்பாறை கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த இனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்திவிட்டது, ஆனால் அந்த ஓட்டம் ரத்தத்தில் அப்படியே இருக்கிறது. 50 வயதில், இரண்டு முழங்காலும் சத்தம் போடுகிற நேரத்தில், அதைத்தான் நான் மடியில் வாங்கிக்கொண்டேன்.

மற்றதைச் சொல்வதற்கு முன் ஒன்று. கை முழுக்கப் பல் தடம் என்கிறீர்கள். விளையாட்டுக் கடி என்றாலும் தோல் கிழிந்திருந்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அடுத்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள், உங்கள் குட்டிக்கு இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். மனிதர்களுக்கான ஊசி அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். 0, 3, 7, 28 என்று நான்கு நாள் போய் வர வேண்டும். "வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. நான் நான்கு ஊசியும் போட்டுக்கொண்டேன்.

இனி அடங்காத குட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வந்திக்கு ஊசியெல்லாம் முடிந்து, நான்கு மாதம் தாண்டிய பிறகு வெளியே நடத்த ஆரம்பித்தேன். வேட்டை நாய் ஆயிற்றே, ஓட்டம் பத்தாமல்தான் இப்படிப் படுத்துகிறது என்று நினைத்தேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து இன்னொரு மணி நேரம். நடக்க நடக்க என் கால்தான் வீங்கியது. அவளோ வீட்டுக்குள் வந்ததும் சோபாவுக்கு மேல் ஏறிக் குதித்து, சுவரோரமாக வட்டமடித்து, கடைசியில் என் சேலை முந்தானையைக் கவ்விக்கொண்டு தொங்குவாள். விளக்கேற்றுகிற நேரம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். சரி, இன்னும் அரை மணி நேரம் கூட நடக்கலாம் என்று கூட்டினேன். கடி இன்னும் கூடியது.

ஆகஸ்டில் ஒரு காலை. கயிறு நழுவாமல் இருக்கட்டும் என்று இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். எங்கள் தெருவைத் தாண்டினால் காலி மனைகள், உடைமரம், மயில் நிறைய. ஒரு மயில் சுவரிலிருந்து இறங்கி ஓடியது. சிப்பிப்பாறைக்கு மோப்பத்தை விடக் கண்தான் பெரிது. ஓடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டால் காது கேட்காது. நான் தரையில் கிடக்கும்போதுதான் என்ன நடந்தது என்றே புரிந்தது. செவ்வந்தி திரும்பி வந்து என் முகத்தை நக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த எலும்பு டாக்டர், "மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு அடர்த்தி குறையும்மா, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துருவோம்" என்றார். எடுத்தோம். குறைந்துதான் இருந்தது. வைட்டமின் டி-யும் குறைவு. நீங்கள் பெண்ணாக இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். யாராக இருந்தாலும் கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், விரலில் மாட்டாதீர்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக, நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த உடம்புப் பட்டை வாங்குங்கள். இழுத்தால் அது குட்டியை உங்கள் பக்கமே திருப்பிவிடும்.

நான் மெடிக்கல் லீவில் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் கடைக்குப் போகும் முன் கால் மணி நேரம் அவளை நடத்திவிட்டுப் போவார், அவ்வளவுதான். அந்த வாரம்தான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ரெண்டு வாரம் பாருங்க டீச்சர், அப்பவும் முடியலைன்னா நானே வந்து கூட்டிக்கிடுதேன்" என்றார்.

அத்தைக்கு, என் மாமியாருக்கு, அப்போது 78 வயது. ஆறு பிள்ளை வளர்த்தவர். நாயைத் தொடமாட்டார், ஆனால் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார். செவ்வந்தி சாயங்காலம் வெறி பிடித்த மாதிரி வட்டமடிக்கும்போது ஒரு நாள் சொன்னார்: "ஏளா, அதுக்கு ஒறக்கம் வருது. தொட்டில் பிள்ளையத் தூக்கித் தூக்கி வெளையாட்டுக் காட்டுனா அழத்தான செய்யும்? கதவச் சாத்தி ஒறங்க விடு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நாய்க்குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும், இரண்டு மாதக் குட்டி 20 மணி நேரம்கூடத் தூங்கும். வீட்டில் ஆள் நடமாட்டம், டிவி, காலிங் பெல், யாராவது வந்து கொஞ்சுவது என்று இருந்தால் அதுவாகப் போய்த் தூங்கத் தெரியாது. தூக்கம் கெட்ட குட்டிதான் கண்ணைச் சிவக்க வைத்துக்கொண்டு கடிக்கும். நான் அதை ஓட்டம் பத்தாத குட்டி என்று நினைத்து, தூங்க வேண்டிய நேரத்தில் இன்னும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வயதில் நீண்ட ஓட்டம் எலும்புக்கும் ஆகாது, ஒரு வயது தாண்டட்டும் என்று கால்நடை மருத்துவரும் பிறகு சொன்னார்.

அத்தை கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை போட்டேன். மூன்று பக்கமும் அட்டைப்பெட்டி வைத்து மறைத்தேன். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து இரண்டு மணி நேரம் அங்கே. அறைக்கதவு சாத்தி, ஃபேன் போட்டு, அவளை யாரும் கூப்பிடக்கூடாது. முதல் இரண்டு நாள் முனகினாள். மூன்றாம் நாள் மதியம், அத்தை ரேடியோவை மெதுவாக வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் நான்கு காலையும் நீட்டிப் போட்டு, உதடு துடிக்கத் துடிக்கத் தூங்கியதைப் பார்த்தேன். மாவுக்கட்டுக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். பாவம், இத்தனை நாள் கேட்டது இதைத்தானே என்று.

இரண்டாவது, மூக்குக்கு வேலை. இதற்கு உங்கள் முழங்கால் தேவையில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து, மடிப்புக்குள் வெந்த கோழித் துண்டைச் சுண்டைக்காய் அளவில் எட்டு, பத்து இடத்தில் ஒளித்து வைப்பேன். பத்து நிமிடம் மூக்கை நுழைத்துத் தேடுவாள். முட்டை அட்டையின் குழிகளில் துண்டைப் போட்டு மேலே காகிதத்தைக் கசக்கி மூடி வைப்பதும் உண்டு (காகிதத்தைத் தின்னுகிற குட்டியாக இருந்தால் வேண்டாம்). பத்து நிமிடம் தேடி முடித்தவள் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள். ஒரு மணி நேரம் நடத்தியும் எனக்குக் கிடைக்காத அமைதி அது.

கடி விஷயத்தில் பொறுமை வேண்டும். பால் பல் 28, ஊசி மாதிரி இருக்கும். நான்கு மாதத்தில் விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் முளைத்துவிடும். ஈறு அரிக்கிற காலம் அது. ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, கண் முன்னால் வைத்துக்கொண்டு மெல்லக் கொடுங்கள். கையைக் கடித்தால் அடிக்காதீர்கள், மூக்கில் தட்டாதீர்கள், கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அதற்கு விளையாட்டு. பேசாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய் அரை நிமிடம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கடித்தால் ஆள் போய்விடும் என்பது அதற்குப் புரியும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாதம் பிடித்தது. கூடம் பெருக்கும்போது ஒரு நாள் அரிசி மணி அளவில் வெள்ளையாக ஏதோ கிடந்தது, எடுத்துப் பார்த்தால் அவளுடைய பல். மகளுடைய முதல் பல்லை வைத்திருந்த டப்பாவிலேயே அதையும் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் குட்டிக்கு இன்னும் ஊசி முடிந்திருக்காது. குட்டிகளின் உயிரைப் பறிக்கக்கூடிய வயிற்றுப்போக்கு நோயான பார்வோவுக்குத் தடுப்பூசியைச் சில வார இடைவெளியில் நான்கு மாதம் வரை தவணையாகப் போடுவார்கள். அது முடியும் வரை தெருத் தரையில் இறக்கிவிடாதீர்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள், மூன்றரை மாதத்துக்குள் பார்க்கிறதையும் கேட்கிறதையும் வைத்துத்தான் பிற்பாடு எதற்குப் பயப்படுவது, எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது படியும். நான் தோளில் ஒரு துண்டைப் போட்டு அவளைத் தூக்கிக்கொண்டு பால் பூத் வாசலில் நிற்பேன். பஸ் ஹாரன், சைக்கிள், குடை விரிக்கிறவர்கள், மீன்காரர் எல்லாவற்றையும் காதை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்குத் தீபாவளி வெடிக்கு அவள் ஓரளவு தாங்குகிறாள் என்றால் அந்தக் காலை நேரங்கள்தான் காரணம் என்று நம்புகிறேன்.

சாப்பாட்டில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று ஆபத்தானது. மிஞ்சிய சாம்பார்ச் சோற்றை வைப்பது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் போடுகிற கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வேக வைத்த கோழி எலும்பு ஊசியாக உடையும். எலும்பில்லாத கோழி, முட்டை, சோறு, கொஞ்சம் தயிர், வெந்த கேரட் போதும், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையதும் சிப்பிப்பாறையோ, அதே மாதிரி வேட்டை நாயான கன்னி இனமோ என்றால் விலா எலும்பு லேசாகத் தெரியத்தான் செய்யும். "சோறே போடலையா?" என்று தெருவில் கேட்பார்கள். அதைக் கேட்டுக் கொழுக்க வைத்துவிடாதீர்கள்.

ராத்திரி சிறுநீருக்கு எழுந்திருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது, மாதம் ஏற ஏறச் சரியாகும். எனக்கு அந்த வருடம் எப்படியும் இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து விழிப்பு வந்துவிடும். அதுவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போக ஆரம்பித்தேன். வேப்ப மரத்தடியில் அவள் இருந்துவிட்டு வரும் வரை நிற்பேன். தனியாக விழித்திருப்பதை விட அது எவ்வளவோ மேலாக இருந்தது.

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு விஷயம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்கள் 12 வருடத்துக்கு மேலும் இருக்கும். உங்களுக்கு 60 தாண்டும்போது அது கிழ நாயாக இருக்கும், தூக்கிப் படியிறக்க ஆள் வேண்டும். உங்களுக்கே உடம்புக்கு முடியாமல் போனால் யார் எடுத்துக்கொள்வார்கள்? நாங்கள் என் தங்கை மகனிடம் முகத்துக்கு நேரே கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றவன், ஒரு வாரம் கழித்து வந்து சரி என்றான். இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து அவளை நடத்திக்கொண்டு போகிறான். அப்படி ஒருவர் கிடைக்கிறாரா என்று இப்போதே பாருங்கள்.

இன்றைக்கு ஒரு நோட்டை எடுங்கள். குட்டி எத்தனை மணிக்குத் தூங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது, எப்போது கடித்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். கணக்கு டீச்சர் புத்தி, நான் வலது கையால் எழுதி வைத்த நோட்டு இன்னும் இருக்கிறது. அண்ணாச்சி கொடுத்த இரண்டு வாரம் முடிகிற நாளில் இப்படி இருக்கிறது: "மதியம் 12.40 முதல் 3.15 வரை, அத்தை கட்டிலுக்கு அடியில். சாயங்காலம் கடி இல்லை."