பொட்டலக் காப்பியில் எண்ணெய்: வாங்கும்போதும் கலக்கும்போதும்

காப்பித்தூள், சர்க்கரை, வெள்ளைப் பொடி மூன்றும் ஒன்றாகக் கலந்து வரும் த்ரீ-இன்-ஒன் காப்பியைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். எல்லோரும் கேட்பது ருசியைப் பற்றித்தான். ஆனால் முக்கால்வாசிக் கடிதங்களில், அந்த வெள்ளைப் பொடியைப் பால் பொடி என்றே எழுதியிருக்கிறார்கள். அது பால் பொடி இல்லை, அதனால் பதில்களை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அறையில் மின்சாரக் கெட்டில் மட்டும்தான் இருக்கிறது. பொட்டலக் காப்பியை வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். பாதி குடிப்பதற்குள் நாக்கிலும் மேலண்ணத்திலும் மெழுகு பூசினது மாதிரி ஆகிவிடுகிறது. சில நாள் மேலே வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதக்கிறது. பொட்டலம் கெட்டுவிட்டதா, நான் கலக்குவதில் தப்பா?

பதில்: பொட்டலம் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கலக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

உங்கள் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். அநேகமாக முதலில் சர்க்கரை, அடுத்தது கிரீமர் என்கிற அந்த வெள்ளைப் பொடி, அதற்கும் பின்னால்தான் காப்பி இருக்கும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். கிரீமருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் குளுக்கோஸ் சிரப், ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெய், பால் புரதம் என்று வரும். எண்ணெய் என்றால் பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். காப்பிக்கு வெள்ளை நிறமும் கெட்டித்தன்மையும் தருவது அந்த எண்ணெய்தான். அதைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, புரதத்தால் சுற்றிப் பொடியாக்கியிருக்கிறார்கள்.

பாட்டிலில் வாங்கும் தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். கிரீமரில் போடுகிற எண்ணெயை ஹைட்ரஜனேற்றி இன்னும் கெட்டியாக்கியிருப்பதால், அது உருகி நிற்கவே நம் உடல் சூட்டை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் மேலோ வெப்பம் வேண்டும். காப்பி சூடாக இருக்கும்வரை அது வழுவழுவென்று இறங்கும். ஆறினால் நாக்கில் ஒட்டும். எழுதுவதற்கு முன் வீட்டில் ஒரே பொட்டல வகையில் இரண்டு டம்ளர் கலந்து பார்த்தேன். ஒன்றை உடனே குடித்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றொன்றை அரை மணி நேரம் மேசையில் விட்டேன். மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று படிந்தது. விரலால் தொட்டுத் தேய்த்தால் பாலாடை மாதிரி திரளவில்லை. லிப் பாம் தடவினதுபோல் வழுக்கியது. உங்கள் மேலண்ணத்தில் ஒட்டுவது அதுதான்.

மிதக்கும் வெள்ளைத் துகளுக்குக் காரணம் வேறு. உங்கள் விடுதியில் போர் தண்ணீரா? தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமென்றால், எண்ணெய்த் துளிகளைச் சுற்றியிருக்கும் பால் புரதம் அதோடு சேர்ந்து திரிந்துவிடும். காப்பியின் புளிப்பும் கொதிக்கிற தண்ணீரும் அதைத் தூண்டும். இதைத் தடுக்கத்தான் கிரீமரில் பாஸ்பேட் உப்புகள் சேர்க்கிறார்கள், லேபிளில் 340 என்ற எண்ணோடு இருக்கும். உப்புத்தண்ணீர் கடுமையாக இருந்தால் அதுவும் போதாமல் போகும். குடிக்கிற தண்ணீர் கேனிலிருந்து எடுத்துக் கெட்டிலில் ஊற்றிப் பாருங்கள்.

கலக்கும் முறை இதுதான். டம்ளரை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். கெட்டில் கொதித்து நின்றதும் ஒரு நிமிடம் பொறுங்கள். பொட்டலத்தைக் கொட்டி, இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் மட்டும் விட்டு, கட்டியில்லாமல் குழம்பு மாதிரி நன்றாக அடியுங்கள். அதன் பிறகு மீதித் தண்ணீர். மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் எண்ணெய்த் துளிகள் சரியாகப் பிரியாது. கடைசியில் ஒன்றிரண்டு தடவை ஆற்றினால் போதும், நுரைக்காக நிறைய ஆற்றினால் சூடு போய்விடும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, சின்ன டம்ளரில் சூடாகக் குடித்து முடித்துவிடுங்கள். பெரிய மக்கில் கலந்து படித்துக்கொண்டே ஒரு மணி நேரம் குடிக்கிற காப்பி இது இல்லை.

இன்னொன்று. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்குச் சர்க்கரையில்லாத இன்ஸ்டன்ட் காப்பி தனியாகக் கிடைக்கிறது. அதில் அரை ஸ்பூன் சேர்த்தால் காப்பி மணம் வரும், திகட்டலும் குறையும். ருசிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: "பால் சேர்க்காத கிரீமர்" என்று முன்பக்கம் போட்டிருக்கிறது. என் மகனுக்குப் பால் ஒவ்வாமை. கொடுக்கலாமா? எண்ணெய் டால்டா மாதிரிதானே, அது வேறு பயமாக இருக்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். முன்பக்கத்தை நம்பவே வேண்டாம். பின்பக்கத்தில் சோடியம் கேசினேட் அல்லது பால் புரதம் என்று இருக்கிறதா பாருங்கள். கேசினேட் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் போட்டதால் "பால் சேர்க்காதது" என்கிறார்கள், பால் அறவே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை மட்டும் செரிக்காதவர்களுக்குக் கேசினேட்டால் பெரும்பாலும் தொந்தரவு வராது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நிலைமை அப்படி இல்லை. "பால் உள்ளது" என்ற ஒவ்வாமை எச்சரிக்கையைத் தனியாக அச்சிட வேண்டும் என்று இந்திய விதி இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வீகன் உணவுமுறைக்காக வாங்குகிறவர்களும் இதையே பார்க்க வேண்டும். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்லும், பால் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

டால்டா பயத்துக்கு வருவோம். டால்டா போன்ற பழைய வனஸ்பதியில் எண்ணெயைப் பாதி ஹைட்ரஜனேற்றியதால், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு நிறைய உண்டானது. இப்போது எண்ணெய், கொழுப்பு சேர்த்த எந்த உணவுப் பொருளிலும், அதிலுள்ள கொழுப்பில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2022 ஜனவரி 1 முதல் இது சட்டம். எனவே டிரான்ஸ் கொழுப்பு 0 என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாமல், அதற்குப் பக்கத்திலுள்ள செறிவுற்ற கொழுப்பையும் (சாச்சுரேட்டட் ஃபேட்) பாருங்கள். பனைக்கொட்டை எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அதுதான், தேங்காய் எண்ணெயில் 90 வரை. லேபிள் கணக்குக்கு நாளொன்றுக்கு 22 கிராம் செறிவுற்ற கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பொட்டலம் 18 கிராம், அதில் பாதி சர்க்கரை என்றால் 9 கிராம் ஆகிறது. இரண்டு ஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. ஒரு நாளைக்கு நாலு பொட்டலம் குடிப்பவர் எண்ணெயைவிடச் சர்க்கரைக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

கேள்வி: மலேசியாவிலிருந்து அண்ணன் ஈப்போ வெள்ளைக் காப்பி வாங்கி அனுப்பினார். மணம் அருமை. ஆனால் ஒரு பொட்டலம் முழுதும் குடிக்க முடியாத அளவு இனிப்பு. அதிலும் பாமாயில் என்று இருக்கிறது. கலப்படமா?

பதில்: கலப்படம் இல்லை. ஈப்போவில் ஹைனான் சீனர்களின் காப்பிக் கடைகளில் பிறந்த பழக்கம் அது. கொட்டையைப் பாமாயில் மார்ஜரின் சேர்த்து வறுப்பார்கள். கறுப்புக் காப்பிக்குச் சர்க்கரையும் போட்டுக் கருக வறுப்பதுண்டு; வெள்ளைக் காப்பிக்கு வறுக்கும்போது சர்க்கரை கிடையாது, வறுவலும் இளசு. அதனால்தான் "வெள்ளை". உங்களுக்குப் பிடித்த அந்த வெண்ணெய் மணத்தில் மார்ஜரினுக்குப் பங்கு உண்டு. பொட்டலமாக்கும்போது கிரீமரில் உள்ள எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது, ஆகவே எண்ணெய் இரண்டு இடத்திலிருந்து வருகிறது.

அந்தப் பொட்டலங்கள் நம்மூர்ப் பொட்டலத்தைப் போல இரண்டு மடங்கு எடை, 35 முதல் 40 கிராம் வரை இருக்கும். ஒன்றை இரண்டு பேருக்குப் பங்கிடுங்கள். வெந்நீருக்குப் பதில் பாதிக்குப் பாதி நம் ஃபில்டர் டிகாஷன் ஊற்றுங்கள். சிக்கரி குறைவாக உள்ள தூள் என்றால் ஈப்போ மணம் அமுங்காது. இனிப்பைச் சமாளிக்க உப்பு போடச் சொல்வார்கள், இங்கே அது வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு கசப்பைத் தணிக்கும், இனிப்பை இன்னும் தூக்கிக் காட்டும். அடுத்த முறை அண்ணனிடம் டூ-இன்-ஒன், அதாவது சர்க்கரை சேர்க்காத வகை, வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் கலந்து வரும் காப்பி ப்ரீமிக்ஸ் ஒரு கிலோ வாங்கி அலுவலக மெஷினில் போடுகிறோம். இரண்டு வாரத்தில் சோப்பு வாடை வருகிறது.

பதில்: ஈரம் பட்டிருக்கிறது. தேங்காய், பனைக்கொட்டை எண்ணெய்கள் ஈரத்தால் சிதைந்தால் மற்ற எண்ணெய்போலச் சிக்கு வாடை மட்டும் வராது, சோப்பு வாடையே வரும். சோப்பு செய்யப் பயன்படும் அதே கொழுப்பு அமிலங்கள்தான் விடுபடுகின்றன. மெஷினில் பொடி விழும் இடத்துக்கு நீராவி ஏறுகிறது, பழைய பொடி ஓரத்தில் கட்டிப்போய் இருக்கிறது. அதைக் காலி செய்து, கழுவி, முழுக்கக் காயவைத்துப் புதுப்பொடி போடுங்கள். மழைக்காலத்தில் கால் கிலோ பாக்கெட்டாக வாங்குங்கள். வாடை வந்த பொடிக்கு ஏலக்காய் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

புதுப் பாக்கெட்டைப் பிரித்ததுமே அந்த வாடை என்றால் அது உங்கள் தப்பு இல்லை. பில், பாக்கெட், தொகுதி எண் தெரியும் புகைப்படம் மூன்றையும் வைத்துக்கொண்டு கடையில் கேளுங்கள். மாற்றித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாதிரிக்காகப் பாக்கெட்டைத் தூக்கிப்போடாமல் வையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது "டெய்ரி ஒயிட்னர்" கலந்த ப்ரீமிக்ஸா, "கிரீமர்" கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். முன்னது சர்க்கரை சேர்த்த பால் பொடி, பின்னது எண்ணெய். ஐஸ்கிரீமுக்கும் ஃப்ரோஸன் டெசர்ட்டுக்கும் உள்ள அதே வித்தியாசம்.

கேள்வி: தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் எம்.சி.டி. எண்ணெய் சேர்த்த காப்பி விளம்பரம் பார்த்தேன். கலந்தால் எண்ணெய் மேலே மிதக்கிறது, குடிக்க ஒரு மாதிரியாக இருக்கிறது.

பதில்: அந்த எண்ணெயைக் கரண்டியால் கலக்கி ஒன்றும் ஆகாது. மிக்ஸியில் அரை நிமிடம் ஓட்டினால் நுரைத்து வெள்ளையாகிவிடும். சூடான திரவம் மூடியைத் தள்ளும், பாதி ஜாருக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு ஸ்பூனுக்கு மேல் திடீரென்று குடித்தால் வயிற்றைக் கலக்கும். காப்பியின் ருசிக்காக மட்டும் என்றால், இதற்குக் கொடுக்கும் காசு வீண்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். விரல் மூட்டு வலியால் ஃபில்டரைத் திருகி மூட முடியவில்லை, பால் காய்ச்சித் தூக்கவும் பயம். பொட்டலக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். "இது காப்பியே இல்லைடா" என்று இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுகிறார். எப்படி ருசியாக்குவது?

பதில்: அம்மா சொல்வது சரி. காலமெல்லாம் பால் காப்பி குடித்த நாக்கு, கிரீமரை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடும். அவருக்காகப் பொட்டலத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பொட்டலத்தையே மாற்றுங்கள்.

மளிகைக் கடைகளில் டிகாஷன் பாட்டிலிலும் சின்னப் பைகளிலும் கிடைக்கிறது. பைகளைப் பிய்க்க விரல் வலிக்கும், பாட்டில் நல்லது. லேபிளில் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று இருக்கும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். தஞ்சாவூர்க்காரருக்கு 80க்கு மேல் இருந்தால்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பாலுக்கு, சர்க்கரை சேர்க்காத முழுக்கொழுப்புப் பால் பொடி. பொருட்களின் பட்டியலில் எண்ணெய் என்ற சொல் எங்கும் இருக்கக்கூடாது. மூன்று ஸ்பூன் பால் பொடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதன்மேல் வெந்நீர் ஊற்றி, டிகாஷன் விட்டால் முடிந்தது. அடுப்பு வேண்டாம், தூக்க வேண்டாம். வெந்நீருக்குக் கெட்டிலுக்குப் பதில், மேலே அழுத்தினால் ஊற்றும் ஃபிளாஸ்க்கைக் காலையில் வேலைக்கு வருகிறவர் நிரப்பி வைத்தால் சாயந்திரம் வரை சூடு தாங்கும்.

நீங்கள் ஊருக்குப் போகும்போது முதல் டம்ளரை நீங்களே கலந்து, பால் பொடி எத்தனை, டிகாஷன் எத்தனை என்று அவர் வாயால் சொல்ல வைத்து, அந்த அளவை டப்பா மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.