சிங்கப்பூர் வருகிறவர் கட்டும் வரி: கேள்வி பதில்

சிங்கப்பூரில் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். சுற்றுலா வர இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்த ஓட்டலில் தங்கலாம், எந்த விமானம் மலிவு என்பதெல்லாம் என் துறை இல்லை. சிங்கப்பூர் டாலரை நாங்கள் வெள்ளி என்போம், அப்படியே எழுதுகிறேன்.

ஈரோட்டிலிருந்து: அக்கா, சிங்கப்பூரில் வரியே கிடையாது என்கிறார்கள். ஆனால் போன தடவை சாப்பிட்ட இடத்தில் மெனுவில் போட்டதைவிட பில் கூடுதலாக வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள், அதைக் கவனியுங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றது 9 விழுக்காடு ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் முதலில் 110 ஆகும், அதன் மேல் 9 விழுக்காடு சேர்ந்து 119 வெள்ளி 90 காசு. கடைகளில் வரியையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு.

சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் ஒரு கடை ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டும். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தில் தோசை சுடும் கடைகளில் பெரும்பாலானவை அந்த அளவை எட்டுவதில்லை. போர்டில் என்ன விலையோ அதுதான் பில்.

வரியே இல்லாத ஊர் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 1994-இல் 3 விழுக்காட்டில் தொடங்கிய ஜிஎஸ்டி, 2024 ஜனவரி முதல் 9-இல் நிற்கிறது.

சேலத்திலிருந்து: ஜிஎஸ்டி ரீஃபண்ட் வாங்குவது எப்படி?

சுற்றுப்பயணிக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையா என்று முதலில் கேளுங்கள், எல்லாக் கடையும் சேர்ந்திருக்காது. வரியோடு சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதென்றால் மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பொருள் நாட்டை விட்டுப் போயாக வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் அதற்கான இயந்திரத்தில் பதிந்தால், அட்டைக்கோ கையிலோ பணம் வரும். 9 விழுக்காடும் அப்படியே வராது, இடையில் இருக்கும் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியில் போட்டு அனுப்பப்போகும் பொருளென்றால், பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்வார். பெட்டி உள்ளே போன பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள்.

ஓட்டல் அறை, சாப்பாடு, டாக்ஸி எதற்கும் ரீஃபண்ட் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து: நாங்கள் பஸ்ஸில் ஜொகூர் போய், கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறுகிறோம். ரீஃபண்ட் உண்டா?

தரைவழியாகப் போகிறவர்களுக்கு இல்லை.

கும்பகோணத்திலிருந்து: மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்க எண்ணம். சிராங்கூன் சாலையில் வாங்கினால் லாபமா, அம்மா?

நகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு, செய்கூலிக்கும் சேர்த்து. 2012 அக்டோபர் முதல் வரிவிலக்கு இருப்பது முதலீட்டுத் தங்கத்துக்கு மட்டும், அதாவது 99.5 விழுக்காடு தூய்மைக்குக் குறையாத கட்டிகளுக்கும் குறிப்பிட்ட நாணயங்களுக்கும். நகைக்கடையில் மினுங்கும் ஆரம் அதில் சேராது. கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம்.

ஐயா, லாபம் எங்கே போய்விடும் தெரியுமா? திருச்சியில் இறங்கும்போது. நகைக்கென்று இந்தியச் சுங்கம் தரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஐந்து நாள் சுற்றுலாவுக்கு வந்தவருக்கு அது கிடையாது. கழுத்தில் போட்டுக்கொண்டால் கேட்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்யாண நகையைக் கும்பகோணத்திலேயே எடுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இங்கிருக்கும் மச்சானுக்கு ஒரு கட்டு பீடியும் கொஞ்சம் ஹான்ஸும் கொண்டு வரலாமா?

கூடாது, கூடாது. மெல்லும் புகையிலைக்கு இங்கே தடை. சிகரெட்டுக்கும் பீடிக்கும் வரியில்லாச் சலுகை ஒன்றுகூடக் கிடையாது, ஒரே ஒரு சிகரெட் என்றாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். மின்சிகரெட்டைப் பையில் வைத்திருப்பதே குற்றம்.

சென்னையிலிருந்து, பங்கு முதலீட்டாளர்: பணக்காரர்களுக்கு வரி போடாததால்தான் சிங்கப்பூர் இப்படி மின்னுகிறது. அந்தப் பளபளப்பைப் பார்க்கத்தானே நாம் டிக்கெட் எடுத்து வருகிறோம்? நம் ஊரிலும் வரியைக் குறைத்தால் சென்னையும் இப்படி ஆகாதா?

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பங்கு விற்ற லாபத்துக்கு இங்கே பொதுவாக வரி இல்லை என்பது உண்மை. வருமான வரியின் உச்சம் 24 விழுக்காடு, இந்தியாவைவிடக் குறைவு. ஆனால் வாரிசுச் சொத்துக்கான வரியைச் சிங்கப்பூர் நீக்கியது 2008-இல். இந்தியா அதை 1985-லேயே நீக்கிவிட்டது. வெல்த் டாக்ஸையும் 2015 பட்ஜெட்டில் எடுத்தாயிற்று. செல்வத்துக்கு வரி இல்லாததுதான் நகரத்தை மின்ன வைக்கும் என்றால் சென்னை என்றைக்கோ மின்னியிருக்க வேண்டும்.

இங்கே பணக்காரரிடம் வேறு வாசலில் வாங்குகிறார்கள். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. சில நாட்டவருக்கு மட்டும் விலக்கு. 20 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 12 லட்சம் வரியாகவே போகும். கார் வாங்க 1990 முதல் உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும், அதுவும் பத்தாண்டுக்குத்தான். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் மட்டும் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. காருக்கான பதிவுக் கட்டணம் அதற்கு மேல். அப்புறம் நிலம். 1966-இல் வந்த நிலக் கையகச் சட்டத்தால் பெரும்பாலான நிலம் அரசின் கைக்கு வந்தது, வீவக எனப்படும் அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிகள் அதில்தான் எழுந்தன. அரசின் சேமிப்பு நிதிகளின் முதலீட்டு வருமானத்திலிருந்து வரும் பங்கே பட்ஜெட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

பயணிக்கு இதனால் என்ன? கார் குறைவாக இருப்பதால் பஸ் நேரத்துக்கு வருகிறது. நடைபாதையில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். 1859-இல் உருவான தாவரவியல் தோட்டம் இன்றைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, உள்ளே போகக் காசு இல்லை. உணவங்காடிப் பண்பாடும் 2020 முதல் யுனெஸ்கோ பட்டியலில். நீங்கள் ஊருக்குத் திரும்பி ஆசையாகச் சொல்லப்போவது இவற்றைத்தான். எல்லாம் பொதுச்சொத்து. கோடீஸ்வரர் பங்களா ஒன்றைப் பார்த்தேன் என்று யாரும் வந்து சொன்னதில்லை.

சிவகங்கையிலிருந்து: பொதுச்சொத்து என்கிறீர்கள். அதைக் கட்டியது யார் என்று சொல்லவில்லையே? என் அண்ணன் அங்கே கட்டட வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு வரும்போது வாங்கி வரும் சாமானுக்கு அவருக்கு ரீஃபண்ட் உண்டா?

இல்லை தம்பி. இங்கே வேலை பார்க்கிறவர் சுற்றுப்பயணி ஆக மாட்டார் என்பது விதி.

உங்கள் கோபம் நியாயமானது. இங்கே பொருள்களுக்கான ஜிஎஸ்டியில் அரிசி, பால், மருந்து என்று பிரிவே கிடையாது, அன்றாடப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 9. அந்தப் பாரத்தைக் குறைக்க, வருமானம் குறைந்த குடிமக்களுக்கு அரசு ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு என்ற பெயரில் உதவித்தொகை தருகிறது. பயணிக்கு விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கிறது. உங்கள் அண்ணனுக்கு இரண்டும் இல்லை. அவருக்கு நம் ஊர் பி.எஃப். போன்ற மத்திய சேம நிதியும் கிடையாது, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. அவரை வேலைக்கு வைத்திருப்பதற்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார், அந்தப் பணமும் அவர் கைக்கு வருவதில்லை. எட்டு மணி நேரம் வெயிலில் நின்று கோபுரம் கட்டியவர் முழு வரியையும் கட்ட, அதன் உச்சியில் படம் எடுத்தவர் தன் கைப்பைக்கு வரியைத் திரும்ப வாங்குகிறார். இது தவறு. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீண்டும் சென்னை முதலீட்டாளர்: உணர்ச்சிவசப்படுகிறீர்கள். இங்கே பல பொருளுக்கு 18 விழுக்காடு. 9 குறைவுதானே?

ஏசி வாங்குகிறவருக்குக் குறைவு. அரிசி வாங்குகிறவருக்கு இல்லை. இந்தியாவில் மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள், எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள்.

துபாயிலிருந்து: எங்கள் ஊரில் வருமான வரியே இல்லை. பயணிகள் குவியவில்லையா?

வருமான வரி இல்லை, சரி. 2018 முதல் 5 விழுக்காடு வாட் இருக்கிறது. ஓட்டல் அறைக்கு இரவுக்கு இவ்வளவு திர்ஹாம் என்று தனியாக வாங்குகிறார்கள். மலேசியாவிலும் வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் உண்டு. பயணிகள் வரும் ஊர் எதுவும் பயணியிடம் வாங்காமல் விடுவதில்லை. கட்டடம் கட்டியவரைப் பற்றிய கேள்வி துபாய்க்கும் பொருந்தும்.

இந்த வாதத்தை இத்தோடு நிறுத்துகிறேன். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

வேலூரிலிருந்து: ஓட்டல் பில்லுக்கு ரீஃபண்ட் கிடைக்குமா?

இல்லை. சேலத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து: பெட்டியை அனுப்பிவிட்டு ரீஃபண்ட் கேட்கலாமா?

கூடாது. அதே பதிலில் இருக்கிறது. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கோவையிலிருந்து: கேசினோவுக்கு வெளிநாட்டவருக்கு இலவசமாமே?

ஆமாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி கட்டினால்தான் நுழைய முடியும், அவர்கள் சூதில் அழியக் கூடாது என்பதற்காக. உங்களுக்கு அந்தத் தடுப்பு கிடையாது, பாஸ்போர்ட் போதும். இலவசம் என்று சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. போகாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து: வருகை அட்டைக்கு ஒரு இணையதளத்தில் பணம் கேட்கிறார்கள். வரியா?

வரி இல்லை, மோசடி. சிங்கப்பூர் வருகை அட்டை முற்றிலும் இலவசம். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ நிரப்புங்கள். பணம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள், அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லி முடக்குங்கள்.

விழுப்புரத்திலிருந்து: பாட்டியை அழைத்து வருகிறேன். அவர் வெற்றிலைப் பையில் புகையிலை இருக்கும். வயதானவர்தானே, விட்டுவிடுவார்களா?

விட மாட்டார்கள். வெற்றிலை பாக்கு தேக்காவிலேயே கிடைக்கும். புகையிலையை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் பையை நீங்களே ஒருமுறை உதறிப் பாருங்கள்.