ஒரு சிலிண்டர் ஆறு மாதம் வருகிறதா?

கேள்வி: எனக்கு 43 வயது. பெரும்பாக்கத்தில் வாடகை வீடு. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை; வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் போனால் போதும். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, மகள் எட்டாம் வகுப்பு. இங்கேயே 72 லட்சத்துக்கு ஒரு பிளாட் பார்த்திருக்கிறோம். 20 வருடக் கடன். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். ஆனால் டிராஃபிக், தண்ணீர், மழை எல்லாவற்றையும் பார்த்தால் சொந்த ஊரான கோவில்பட்டிக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. ஊரில் செலவு குறைவு. அம்மா (71) அங்கே தனியாகத்தான் இருக்கிறார். கேஸ் நான்தான் போனில் புக் பண்ணுகிறேன். ஒரு சிலிண்டர் ஆறு மாதம் வருகிறது. கரண்ட் பில்லும் இலவச 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சுகர் மாத்திரை மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன். இங்கே கூப்பிட்டால் பிடிவாதமாக மூன்றாம் நாளே கிளம்பிவிடுவார். பெருநகரமா, சொந்த ஊரா? சாதக பாதகங்களைச் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். நடுவில் கோடு கிழித்து இடது பக்கம் சென்னை, வலது பக்கம் கோவில்பட்டி என்று அழகாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வி எனக்கு மாதம் நாலைந்து வருகிறது. ஊர்ப் பெயர்தான் மாறும். ஆனால் உங்கள் வலது பக்கப் பட்டியலில், ஊரில் செலவு குறைவு என்பதற்கு அத்தாட்சியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ஒரு சிலிண்டர் ஆறு மாதம் வருகிறது என்று! அந்த இடத்தில் நான் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன்.

கணக்குப் போடுங்கள். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஒற்றை ஆள் காலையில் காபி, இட்லியோ தோசையோ, மதியம் சோறு, குழம்பு, ஒரு பொரியல், ராத்திரிக்குச் சூடாக ஏதாவது என்று செய்தால் மூன்று மாதம் வரும். ரொம்பச் சிக்கனக்காரி என்றால் மூன்றரை மாதம். உங்கள் அம்மாவுக்கு ஆறு மாதம் வருகிறது. ஒரு நாளைக்கு 80 கிராம்கூட இல்லை. இரண்டு தடவை டீ போட்டு ஒரு உலை வைத்தால் தீர்ந்தது. குழம்பு எங்கே? காய் எங்கே? ராத்திரிக்கு என்ன?

இண்டக்‌ஷன் அடுப்பில் செய்கிறாரோ என்னவோ என்பீர்கள். அதற்கும் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் அடங்குகிறது என்றால் அங்கே கரண்ட் அடுப்பு எரியவில்லை. ஒரு ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடினாலே 100 யூனிட்டைத் தொட்டுவிடுமே! உள்ளே வைக்க ஒன்றுமில்லை என்று ஃபிரிட்ஜையும் அணைத்துப் போட்டிருக்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்தில் யாரிடமாவது இட்லி வாங்கிச் சாப்பிடுகிறார் என்றால் சந்தோஷம். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு பக்கத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

தினமும் போன் பேசுகிறீர்கள் என்பதை நம்புகிறேன். "சாப்ட்டியாம்மா?" என்பீர்கள். "சாப்ட்டேன்யா, நீ சாப்ட்டியா?" என்பார். பேச்சு உங்கள் பக்கம் திரும்பிவிடும். என்ன குழம்பு என்று என்றைக்காவது கேட்டீர்களா? கடைசியாக எப்போது முறுக்கு சுட்டு அனுப்பினார்? வீட்டுக்காரர் போன பிறகு நம் பெண்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "ஒரு ஆளுக்கு என்னத்தப் பெருசா சமைக்க?" ஒரு நாள் சொல்வார்கள், அப்புறம் தினமும் சொல்வார்கள். பழைய சோறு, ஒரு துண்டு ஊறுகாய், டீயில் நனைத்த பன் என்று நாள் ஓடிவிடும். பசி என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மகனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது.

அருப்புக்கோட்டையில் என் அத்தை இப்படித்தான் இருந்தார். மாதாமாதம் பணம் போனது, தீபாவளிக்குப் புடவை போனது. அவர் இறந்த அன்று வந்தவர்களுக்குக் காபி போட அடுப்படிக்குள் போனவள் நான். துவரம்பருப்பு டப்பாவைத் திறந்தால் வண்டு. மிளகாய்ப்பொடி கட்டி தட்டிப் போயிருந்தது. குழம்புச் சட்டி பரணில் கவிழ்த்து, மேலே ஒட்டடை. மேடையில் ஒரே ஒரு சின்னப் பாத்திரம், ஒரு டம்ளர், பாதி பாக்கெட் ரொட்டி. வெளியே பந்தலில் பிள்ளைகள் மூவரும் "அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கலை" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த டப்பாவை அவர்கள் யாரும் திறந்ததே இல்லை, அவ்வளவுதான். நானும் அதற்கு முன் திறந்ததில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தும் நான் போகவில்லை.

இன்னொன்று இதைவிட அவசரம். சுகர் மாத்திரை தவறாமல் போகிறது என்கிறீர்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண்ணைக் கட்டும், விழுந்துவிடுவார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதன் பின்னால் இதுவும் ஒரு காரணமாக இருக்கிறது. "லேசா கிறக்கமா இருக்குய்யா" என்று அம்மா சொல்லியிருந்தால், அதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிட்டிருந்தால், இப்போதே போனை எடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லக் கூடாது. டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, அம்மா உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

சாதக பாதகம் கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு நிறைய நேரம் வேண்டாம். சென்னையை நான் வெறுப்பவள் இல்லை. உங்கள் மனைவி தன் சம்பளத்தில் நிற்பதும், உங்கள் மகள் பஸ் ஏறித் தனியாகக் கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்துக்குப் போய் நாள் முழுக்கப் படித்துவிட்டு வர முடிவதும் இந்த நகரம் கொடுத்தது. "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டுச் சாதியை அளந்து பார்க்கும் கேள்விக்குச் சின்ன ஊரில் தினம் பதில் சொல்ல வேண்டும். இங்கே வீடு வாடகைக்குக் கேட்கும்போது மட்டும் அந்த அவமானம் வருகிறது, அதுவும் போக வேண்டியதுதான். நகரத்தின் மறுபக்கமும் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டவர்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் என்ன பட்டார்கள் என்று பெரும்பாக்கத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டாம். 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது.

கோவில்பட்டி மட்டும் தண்ணீரில் மிதக்கிறதா? கரிசல் பூமி. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி குழாயில் வந்தால்தான் குடிநீர். பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஆகையால் ஊர் சொர்க்கம், நகரம் நரகம் என்று எழுதி உங்களை ரயிலேற்ற எனக்கு மனமில்லை. எட்டாம் வகுப்புப் பெண்ணையும், வேலையில் ஊன்றி நிற்கும் மனைவியையும் உங்கள் டிராஃபிக் அலுப்புக்காகப் பிடுங்கி நடாதீர்கள். மனைவி என்ன நினைக்கிறார் என்று நான்கு பக்கத்திலும் தேடினேன். அவர் வேலை இருக்கிறது, அவர் வார்த்தை இல்லை. கேளுங்கள்.

அடுத்து, அந்தப் 'பிடிவாதம்' என்ற சொல். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. விடிந்தால் வாசல் தெளித்து, எதிர்வீட்டுக்காரியோடு நாலு வார்த்தை பேசி, செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கு நடந்து போய்வந்து ஐம்பது வருடம் வாழ்ந்தவரை அடுக்குமாடியில் கொண்டுவந்து வைக்கிறீர்கள். காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு பக்கம் போகிறீர்கள், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருகிறீர்கள். லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூன்று நாள் தாங்கியதே பெரிசு. அங்கே சமைக்க ஆளில்லை, இங்கே பேச ஆளில்லை என்பதுதான் அவர் நிலைமை. அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். பிளாட் முன்பணத்தை நிறுத்துங்கள். உங்களுக்கு 63 ஆகும்போது முடிகிற கடன், அன்றைக்கு அம்மாவுக்கு 91. அந்தத் தவணைக்குப் பயந்தே அடுத்த 20 வருடம் ஊருக்கு லீவு போடமாட்டீர்கள். இந்த பிளாட் போனால் இன்னொன்று வரும்.

வாரத்தில் இரண்டு நாள்தான் ஆபீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைப்போல் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வசதி கிடையாது. இரண்டு வாரத்து ஆபீஸ் நாள்களை மேலதிகாரியிடம் பேசிச் சேர்த்துப் போட்டுக்கொண்டால், மாதத்தில் எட்டுப் பத்து நாள் கோவில்பட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யலாம். அதற்கு இணையம் போட எவ்வளவு ஆகிவிடும்? முழு ஆண்டு லீவில் மகளையும் கூட்டிப் போய்ப் பாட்டியிடம் விடுங்கள். பேத்தி தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த அடுப்பு தானாக எரியும். நீங்கள் இல்லாத நாளில் தெருவில் ஒரு நல்ல பெண்மணியைப் பார்த்து மதியச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிக் காசை முன்கூட்டிக் கொடுங்கள். அம்மா வேண்டாம் என்பார். கொடுத்துவிட்டு வாருங்கள். பின்னால் அவருக்கு முடியாமல் போகும் காலம் வரும். அப்போது சென்னையில், கோயிலும் காய்கறிக் கடையும் நடக்கிற தூரத்தில் உள்ள தெருவில், தரைத்தள வீடாகப் பாருங்கள். எது எப்போது என்று அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பெற்றவளைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது என்று நம்புகிறவள் நான்.

இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். வருவதாக அம்மாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் உங்களுக்காகக் கறி வாங்கி, குழம்பு வைத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடுவார். விடிகாலையில் இறங்கி, வீட்டுக்குப் போய், முகம் கழுவும் முன்னால் நேராக அடுப்படிக்குள் போங்கள். பருப்பு டப்பாவைத் திறங்கள். ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பாருங்கள். அம்மா பதறிப்போய் "இருய்யா, டீ போடுறேன்" என்பார். அவரை உட்கார வைத்து, அரிசியைக் களைந்து நீங்கள் உலை வையுங்கள். இரண்டு தட்டு போட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பாருங்கள்.

புதுச் சிலிண்டர் மாட்டும் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்துவிட்டு வாருங்கள். அது எத்தனை நாள் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பிளாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.