முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரைக் கருவேலங்காட்டில் ஓர் ஆண் சடலம் கிடந்தது. முகம் அழுகிவிட்டதால் யாரென்று தெரியவில்லை என்கிறார்கள். கைரேகையை ஆதாரில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா?
– வாசகர், செய்யாறு

பதில்: அதற்குச் சட்டத்தில் இடமில்லை. கைரேகை, கருவிழிப் பதிவுகளை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் தரக்கூடாது என்கிறது ஆதார் சட்டத்தின் 29ஆவது பிரிவு. போலீஸ் தேடுவது 'நாஃபிஸ்' என்ற தேசியக் கைரேகைத் தொகுப்பில். அதில் இருப்பவை குற்ற வழக்குகளில் எடுத்த ரேகைகள். வழக்கு எதிலும் சிக்காதவரின் ரேகை அங்கே கிடைக்காது.

அதற்காக ரேகை எடுக்காமல் விட்டுவிடக் கூடாது. 'இவராக இருக்கலாம்' என்று ஒரு பெயர் வந்ததும், அவர் நிலம் வாங்கி விற்றிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்த பெருவிரல் ரேகையோடு ஒப்பிடலாம். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல் என்றால், நுனித் தோலுக்கடியில் ஊசியால் கிளிசரின் ஏற்றி உப்பவைத்த பிறகு மை தடவ வேண்டும். தோல் உறைபோலக் கழன்றுவிட்டால், நிபுணர் அதைக் கழுவி, கையுறை அணிந்த தன் விரலில் மாட்டிக்கொண்டு உருட்டுவார். அவசரத்தில் இழுத்தால் தோல் கிழியும், ரேகையும் போய்விடும்.

கேள்வி: காணாமல் போன என் அண்ணனா என்று பார்க்க மார்ச்சுவரிக்கு வரச் சொல்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகி, அரியலூர்

பதில்: உள்ளே போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: உயரம், விழுந்த பல், தழும்பு, பச்சை, அறுவை சிகிச்சை, அரைஞாண் கயிற்றின் நிறம், செருப்பு அளவு, சட்டை தைத்த கடை. உடலைப் பார்த்துவிட்டு எழுதினால், பார்த்ததையே மனம் நினைவென்று நம்பிக்கொள்ளும். நம் வெயிலில் இரண்டு மூன்று நாளில் முகம் வீங்கிவிடும். சிவந்த நிறத்தவர் கறுப்பார், ஒல்லியானவர் பருமனாகத் தெரிவார். துக்கத்தில் வேறொருவரின் உடலை வாங்கி அடக்கம் செய்த குடும்பங்கள் உண்டு. அப்படி நடந்தால் இரண்டு வீடுகள் தவிக்கும்.

சட்டைக் காலருக்குள் இருக்கும் தையல்கடைத் துணி லேபிள் பல நேரம் ஊரையே சொல்லிவிடும். மேல்தோல் உரிந்தாலும் பச்சை அழியாது. சாயம் இருப்பது அடித்தோலில். மேல்தோலைத் துடைத்தெடுத்தால் முன்பைவிடத் தெளிவாகவே தெரியும். எலும்பு முறிவுக்கு பிளேட் வைத்திருந்தால் பழைய எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுபோங்கள். பிளேட்டில் பொறித்த எண்ணை ஆஸ்பத்திரிப் பதிவோடு சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பல் தெரியச் சிரிக்கும் புகைப்படமும் வேண்டும். மண்டையோட்டின் படத்தை அதன்மேல் பொருத்திப் பார்ப்பார்கள். 1935இல் ஸ்காட்லாந்தில் மொஃபட் அருகே கிடைத்த உடல்களின் வழக்கில் பெயர் பெற்ற முறை இது. 'இவர் இல்லை' என்று சொல்ல இது வலுவானது. 'இவர்தான்' என்று சொல்ல இது மட்டும் போதாது.

சந்தேகம் மிச்சமிருந்தால் டி.என்.ஏ. கேளுங்கள். பெற்றோர் அல்லது பிள்ளைகளின் ரத்தம் சிறந்தது. உடன்பிறந்தவருடையது அதற்கு அடுத்துத்தான். உடலிலிருந்து அடைக்காத, சொத்தையில்லாத இரண்டு கடைவாய்ப் பற்களையோ தொடை எலும்புத் துண்டையோ எடுக்க வேண்டும். ஃபார்மலினில் (உடல் கெடாமல் வைக்கும் திரவம்) போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்று: 'மேன் மிஸ்ஸிங்' எஃப்.ஐ.ஆர். ஒரு நிலையத்திலும், உடலுக்கான பி.என்.எஸ்.எஸ். சட்ட 194ஆவது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174) எஃப்.ஐ.ஆர். வேறு மாவட்ட நிலையத்திலும் கிடக்கும். உங்கள் எஃப்.ஐ.ஆர். நகலை உடல் கிடைத்த நிலையத்தின் விசாரணை அதிகாரியிடம் நேரில் கொடுங்கள். முடிவு வரும்வரை உடலை எரிக்காமல், இடம் குறித்துப் புதைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.