பாப்பரசருக்குக் கணக்குப் பிழைக்குமா?

கேள்வி: போன கிழமை சூடடித்து முடித்து, நெல்லை மூட்டை கட்டிவிட்டு வரம்பில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். என் சைவ நண்பர் கேட்டார்: "உங்கட பாப்பரசர் பிழையே விடமாட்டாராம். பிறகேன் அவரும் சுவாமியாரிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யிறார்?" எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள் மாஸ்டர்.
– மல்லாவி வாசகர்

பதில்: இதே கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்னவன் நான். மாங்குளத்தில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் வருடம், 'பாப்பரசர் சொன்னால் பிழை இருக்காது' என்று பலகையில் எழுதிப்போட்டேன். முன்வாங்கில் இருந்த சின்னப் பிள்ளை எழும்பி, "கணக்குச் செய்தாலுமா சேர்?" என்றாள். "நீ இரு பிள்ளை" என்றேன். அவ்வளவுதான் என் இறையியல். பின்னேரம் வந்த பங்குச் சுவாமியார் அழிக்காமல் கிடந்த வரியைப் பார்த்தார். சோக்கை எடுத்து, 'சொன்னால்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். "எப்படிச் சொன்னால்? எதைப்பற்றிச் சொன்னால்?" என்றார். விஷயம் முழுக்க அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

முதலில், வழுவா வரம், அதாவது போதனையில் பிழைவிடாத வரம் வேறு, பாவம் செய்யாமை வேறு. 2014 தவக்காலத்தில் பிரான்சிஸ் பாப்பரசர் பேதுரு பேராலயத்தில் எல்லோரும் பார்க்க முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். முதல் பாப்பரசரான பேதுருவே மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்தவர். பிறகு அந்தியோக்கியாவில் பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார்.

சரி, எப்போதுதான் பிழை வராது? எங்கள் பக்கத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், குளத்துத் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது என்று அரசாங்க அதிபர் கூட்டத்தில் அறிவித்தால் அது தீர்மானம். அவரே தேத்தண்ணிக் கடையில் நின்று "இந்தமுறை மழை கூடத்தான்" என்றால் அது வெறும் கதை. அதுபோல, பாப்பரசர் திருச்சபை முழுவதற்கும் மேய்ப்பரும் ஆசிரியருமாக நின்று, விசுவாசத்தையோ ஒழுக்கத்தையோ பற்றிய ஒன்றை, இதை எல்லோரும் ஏற்றேயாக வேண்டும் என்று முடிவாக வரையறுக்கும்போது மட்டும்தான் அந்த வரம். மறையுரையும் விமானத்தில் பத்திரிகையாளருக்குச் சொன்ன பதிலும் ஆயர் நியமனமும் அதற்குள் வராது. (உவமை கொஞ்சம் நொண்டும். அதிபர் கூட்டத்தில் வைத்தும் பிழை விடுவார். நாங்கள் கண்டிருக்கிறோம்.)

2018இல் சிலி நாட்டு ஆயர் ஒருவரின் விடயத்தில் தான் பாரதூரமாகப் பிழைவிட்டதாகப் பிரான்சிஸ் பாப்பரசரே கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அதனால் கத்தோலிக்க விசுவாசத்தில் ஒரு கல்லும் பெயரவில்லை.

இந்தப் போதனையை 1870 ஜூலை 18ஆம் திகதி உலகத்து ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது. ஆதரவு 533, எதிர்ப்பு 2. ஆனால் அந்த 2 என்ற எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். உடன்படாத ஆயர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் வாக்கெடுப்புக்கு முன்பே உரோமையை விட்டுப் போய்விட்டார்கள். அன்று இடியும் மின்னலுமாக இருட்டிக்கொண்டு வந்ததில், அப்போதைய பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அந்த வரையறை ஆவணத்தை மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் வாசித்தாராம். அந்த ஆவணமே ஒரு வேலியும் போட்டிருக்கிறது: தூய ஆவி வாக்களிக்கப்பட்டது புதுப் போதனையை வெளிப்படுத்த அல்ல, அப்போஸ்தலர் கையளித்ததைக் காக்க.

அதன்பின் இன்றுவரை இந்த முறையில் அறிவிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. 1950 நவம்பர் 1ஆம் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வரையறுத்த தேவமாதாவின் விண்ணேற்பு, அதாவது மாதா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுக்கப்பட்டார் என்பது. அதுவும் தனியே இருந்து யோசித்ததல்ல. 1946இலேயே உலகத்து ஆயர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்களுடைய சனங்கள் இதை எப்படி நம்புகிறார்கள் என்று விசாரித்தார். என் அம்மம்மா அதற்கு முன்பே வண்டில் கட்டி, பானை சட்டி அரிசியோடு, ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய்வந்தவ. ஆவணித் திருவிழா என்பதே விண்ணேற்புத் திருநாள்தானே. உரோமையில் அறிவித்ததைக் கேட்டு, "இதென்ன புதினம்" என்றுதான் அவ சொல்லியிருப்பா.

கேள்வி: 2015 ஜனவரி 14ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் கொழும்புக் காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பின்னேரமே மடுவுக்கும் வந்தார். அந்த அறிவிப்பு வழுவா வரத்துக்குள் வருமா?
– முருங்கன் வாசகி

பதில்: மடுவில் நடந்தது செபம், அதில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. புனிதர் பட்டத்தைப் பற்றித்தான் விவாதம். வரும் என்பதே இறையியலாளர் பலரின் கருத்து. ஆனால் திருச்சபை அதை விசுவாச சத்தியமாக வரையறுக்கவில்லை. நான் வரும் என்பவர்களின் பக்கம். ஆனால் இந்தமுறை பலகையில் எழுதமாட்டேன்.